உப்புக்காற்றில் ஓடும் லாரிக்கு எந்த கிரீஸ்? சேஸிஸ், வீல் பேரிங் இரண்டுக்கும் முழுமையான வழிகாட்டி

கடையில் கிரீஸ் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எவ்வளவு சூடு தாங்கும்?" என்றுதான். ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று சமதரையில், கடலை ஒட்டி ஓடும் லாரிக்கு அது இரண்டாவது கேள்வி. உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்தால் இந்த கிரீஸ் இரும்பைக் காக்குமா என்பதே இங்கே முதல் கேள்வி. இந்தக் கரையில் கழற்றிப் போடும் பேரிங்குகளில் தேய்ந்ததைவிட துருக்குழி விழுந்ததுதான் கண்ணில் அதிகம் படும்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். கிரீஸை முதலில் வாங்கிவிட்டு, வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பிறகு பார்ப்பதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்குத் தொடக்கம்.

## 1. வண்டி என்ன வேலை செய்கிறது என்று பிரியுங்கள்

ஒரே மாடலில் இரண்டு லாரி. ஒன்று ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு ஜவுளி ஏற்றுகிறது, மற்றது மண்டபத்திலிருந்து மீன் ஏற்றுகிறது. இரண்டுக்கும் ஒரே கிரீஸ் சரிப்படாது.

மீன் வண்டியில் ஐஸ் உருகிய தண்ணீர் பாடியின் வடிகால் ஓட்டை வழியாக இறங்கி, பின்பக்கப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் பின், ஹப் (வீல் பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதி), பிரேக் ஷூவை விரிக்கும் கேம் ஷாஃப்ட் மேல் வழிநெடுகச் சொட்டும். உப்பும் மீன் கொழுப்பும் ரத்தமும் கலந்த தண்ணீர் அது. மேல்பூச்சு போல ஒட்டியிருக்கும் சாதாரண கிரீஸை அது சில நாளில் கழுவிவிடும்.

வாலிநோக்கம் பக்கம் உப்பு ஏற்றும் டிப்பருக்குத் தொல்லை வேறு மாதிரி. காய்ந்த உப்புத்தூள் ஒவ்வொரு பின்னின் ஓரத்திலும் உட்கார்ந்துகொண்டு, இரவு ஈரத்தை இழுத்துக் கரையும். பகலில் காய்ந்து கிடப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. தனுஷ்கோடிப் பக்கம் போகும் சிறு மீன் வண்டிகளுக்கு உப்போடு மணலும் சேர்கிறது. கச்சான் காற்று மாதங்களில் மணல் எல்லா நிப்பிளின் (கிரீஸ் ஏற்றும் வாய்) தலையிலும் ஒட்டியிருக்கும்.

சூடு பெரிய கேள்வியாவது மலை இறங்கும் வண்டிக்கு. கேரளாவுக்கு மீன் கொண்டுபோகும் லாரி செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகவோ குமுளி வழியாகவோ மலைச்சாலையில் ஏறி இறங்கும்போது, பிரேக் டிரம்மின் சூடு ஹப்புக்குள் இறங்கும். அந்த வண்டிக்குத் தண்ணீரும் தாங்க வேண்டும், சூடும் தாங்க வேண்டும்.

ஆகவே ஒரு தாளில் மூன்றை எழுதுங்கள்: உப்புத்தண்ணீர் நேராக விழுகிறதா, மலை இறங்குகிறதா, மாதம் எத்தனை நாள் வண்டி சும்மா நிற்கிறது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். நிற்கிற வண்டியில்தான் பேரிங் உருளைகளுக்கு நடுவே ஈரம் தங்கிக் கறை பிடிக்கும்.

## 2. தொடங்குமுன் தயாராக இருக்க வேண்டியவை

வண்டியின் மேனுவல் முதலில். அதில் கிரீஸ் போடும் இடங்களின் படம், ஒவ்வோர் இடத்துக்கும் கிரீஸ் வகை, ஹப்புக்கு எத்தனை கிராம், ஹப் நட்டின் முறுக்கு அளவு எல்லாம் இருக்கும். இந்த வழிகாட்டிக்கும் மேனுவலுக்கும் வேறுபாடு வந்தால் மேனுவல் சொல்வதைச் செய்யுங்கள்.

கிரீஸ் கன் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. ஒரே கன்னில் இன்று ஒரு கிரீஸ், நாளை வேறொன்று என்று அடைத்தால் குழாயில் தங்கியது கலந்துதான் போகும். கன் மேல் பெயிண்டால் கிரீஸின் பெயரை எழுதி வையுங்கள்.

கன்னின் ஓர் அழுத்துக்கு எவ்வளவு வருகிறது என்று ஒருமுறை அளந்துகொள்வது நல்லது. 20 முறை ஒரு தாளில் அடித்து, தராசில் நிறுத்து, 20-ஆல் வகுத்தால் போதும். கை கன் பெரும்பாலும் ஓர் அழுத்துக்கு ஒரு கிராமை ஒட்டித் தரும், ஆனால் கன்னுக்குக் கன் மாறும். மேனுவல் கிராமில் சொல்வதை அழுத்துக் கணக்காக மாற்ற இதுதான் வழி.

மற்றவை: ஜாக், ஆக்ஸில் ஸ்டாண்டு, சக்கரக் கட்டை, முறுக்கு அளவு காட்டும் ஸ்பானர், காந்த அடியுள்ள டயல் கேஜ், மண்ணெண்ணெய், நூல் உதிராத துணி, புதிய ஆயில் சீல், புதிய லாக் வாஷர். பனியன் வேஸ்ட் வெளிப்புறம் துடைக்க நல்லது, பேரிங் துடைக்க ஆகாது. அதன் இழை உருளைக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

ஜாக் போடும் இடம் கெட்டித் தரையாக இருக்கட்டும். கடற்கரை மணலில் பலகை வைத்துக்கூட ஹப் கழற்றாதீர்கள். சுமை மாறும்போது பலகை ஒரு பக்கம் புதையும்.

## 3. உள்ளே ஏற்கெனவே இருப்பது என்ன

கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் சோப்பு. லித்தியம், கால்சியம், அலுமினியம் என்று சோப்பு மாறும். சோப்பே இல்லாமல் பென்டோனைட் களிமண்ணிலும் பாலியூரியாவிலும் செய்ததும் உண்டு. இரண்டு சோப்பு ஒத்துப்போகாவிட்டால் கலவை கஞ்சித்தண்ணீராக இளகும், இல்லையென்றால் இறுகி எண்ணெயைத் தனியே விடும். எப்படி ஆனாலும் பேரிங் காய்ந்துவிடும்.

லித்தியமும் லித்தியம் காம்ப்ளெக்ஸும் (கூடுதல் சூடு தாங்கும் வகை) பெரும்பாலும் ஒத்துப்போகும். லித்தியம் காம்ப்ளெக்ஸும் கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸும் பொதுவாக ஒத்துப்போகும், ஆனாலும் தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். களிமண் கிரீஸை எதனுடனும் கலக்காதீர்கள். பாலியூரியாவும் அலுமினியம் காம்ப்ளெக்ஸும் லித்தியத்தோடு சேராத வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது இங்கே அதிகம் நடக்கும் பிழை. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் சாயம். ஒரு கம்பெனியின் சிவப்பு லித்தியம் காம்ப்ளெக்ஸ் என்றால் இன்னொரு கம்பெனியின் சிவப்பு வேறாக இருக்கும்.

பழைய கிரீஸ் எது என்று யாருக்கும் தெரியவில்லையா? ஹப்பை முழுதும் கழுவிவிட்டுப் புதிது போடுங்கள். சேஸிஸ் நிப்பிள்களில் கழுவ முடியாது. அங்கே புதிய கிரீஸ் மட்டும் சுத்தமாக வெளியே வரும்வரை அடித்து, முதல் மாதம் இரட்டை முறை கிரீஸ் போடுங்கள். சந்தேகம் இருந்தால் பழையதையும் புதியதையும் சம அளவு ஒரு கண்ணாடித் துண்டில் பிசைந்து, மூடி, மூன்று நான்கு நாள் வெயில்படும் இடத்தில் வையுங்கள். இளகினாலோ எண்ணெய் ஓரத்தில் பிரிந்தாலோ சேராது.

இந்தக் கட்டத்தில் பழைய கிரீஸின் நிலையையும் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் துரு தொடங்கிவிட்டது. ஹப்பில் வெளுத்த கிரீஸ் இருந்தால் கிரீஸை மாற்றுவது மட்டும் போதாது, சீலைத்தான் முதலில் குற்றம் சொல்ல வேண்டும்.

## 4. வாளியில் எழுதியிருப்பதைப் படிப்பது

கெட்டித்தன்மை எண். என்எல்ஜிஐ என்ற அளவு 000-லிருந்து 6 வரை போகும். எண் கூடினால் கெட்டி. 2 என்றால் சோதனைக் கூம்பு 25 டிகிரியில் 265 முதல் 295 வரை இறங்கும். 3 என்றால் 220 முதல் 250 வரை (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கணக்கு). கை கன்னில் அடிக்க 2-ஆம் எண்தான் சுகம். 3 ஹப்பில் கையால் அடைக்கும்போது நன்றாக உட்காரும். நீண்ட குழாயில் தள்ளினால் மெதுவாகத்தான் போகும். வண்டியில் எல்லா இடத்துக்கும் குழாய் வழியே கிரீஸ் அனுப்பும் மைய அமைப்பு இருந்தால் 0, 00 போன்ற இளகிய கிரீஸ் கேட்கும். அதில் 2-ஐ ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

நம் கடைகளில் ஏபி 3, எம்பி 3 என்று கேட்டால் பெரும்பாலும் லித்தியம் சோப்பில், 3-ஆம் எண்ணில் செய்த பொதுப் பயன் கிரீஸ் வரும். இபி 2 என்றால் அதிக அழுத்தம் தாங்கும் மருந்து சேர்த்த 2-ஆம் எண். இவை பெயர்கள் மட்டுமே. சோப்பு எது, உப்புத்துரு சோதனை என்ன என்பதைப் பெயர் சொல்லாது.

சோப்பும் சொட்டுநிலையும். கிரீஸ் உருகிச் சொட்டும் வெப்பம் சொட்டுநிலை. பழைய முறை கால்சியம் கிரீஸுக்கு அது 100 டிகிரியை ஒட்டி இருக்கும். சாதாரண லித்தியத்துக்கு 180 முதல் 200. லித்தியம் காம்ப்ளெக்ஸுக்கு 250-க்கு மேல். கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸுக்கு 300-ஐ ஒட்டி அல்லது அதற்கு மேல். சொட்டுநிலை வரை ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை. சாதாரண லித்தியத்தைத் தொடர்ந்து ஓட்டக்கூடிய எல்லை 120 முதல் 130 டிகிரிதான்.

ஜெர்மன் குறியீடு. சில வாளிகளில் கேபி2கே-20 என்பது போல இருக்கும். முதல் கே பேரிங் கிரீஸ் என்பதற்கு, பி அதிக அழுத்தத்துக்கு, 2 கெட்டித்தன்மைக்கு. அடுத்த எழுத்து மேல்வெப்ப எல்லை: கே என்றால் 120 டிகிரி, என் என்றால் 140, பி என்றால் 160. கடைசி எண் குளிர் எல்லை, நமக்கு அதில் வேலை இல்லை.

ஜிசி-எல்பி. ஏஎஸ்டிஎம் டி4950 என்ற அமெரிக்கத் தரத்தில் ஜிசி என்பது வீல் பேரிங்குக்கு உயர்ந்த வகுப்பு, எல்பி என்பது சேஸிஸுக்கு உயர்ந்த வகுப்பு. இரண்டும் சேர்ந்திருந்தால் ஒரே கிரீஸ் இரண்டு இடத்துக்கும் ஆகும். ஆனால் அந்த வகுப்பில் உள்ள துருச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல் தண்ணீருக்கு அது சாட்சி ஆகாது. 2021-இல் வந்த ஹெச்பிஎம் என்ற புதிய சான்றில் சிஆர் என்ற கூடுதல் குறி இருந்தால் உப்புநீர்த் துருவுக்கும் சோதித்திருக்கிறார்கள். டபிள்யூஆர் இருந்தால் தண்ணீர் எதிர்ப்புக்கு.

எம்கோர் சோதனை. இந்தக் கரைக்குத் தேவையான எண் இதுதான். வாளியில் இருக்காது, தயாரிப்பாளரின் விவரத்தாளில் இருக்கும். கிரீஸ் அடைத்த பேரிங்கைத் தண்ணீரில் ஓட்டியும் நிறுத்தியும் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள்; 0 என்றால் துரு இல்லை, 5 என்றால் பாழ். நல்ல தண்ணீரில் 0 என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. உப்புநீரில், அல்லது கடல்நீரில் எவ்வளவு என்று கேளுங்கள். 0 அல்லது 1 என்று இருந்தால் எடுக்கலாம். விவரத்தாளே தர முடியாத கிரீஸை மீன் வண்டிக்கு வாங்க வேண்டாம்.

தண்ணீரில் கழுவிப்போகும் அளவு. 79 டிகிரித் தண்ணீரில் எத்தனை சதவீதம் கரைந்து போகிறது என்ற சோதனை. மீன் வண்டிக்கு 5-க்குக் கீழே உள்ளதைத் தேடுங்கள். 10 வரை மற்ற வண்டிக்குப் பொறுத்துக்கொள்ளலாம்.

எண்ணெயின் தடிமன். 40 டிகிரியில் 150 முதல் 220 சென்டிஸ்டோக்ஸ் வரை இருந்தால் லாரி ஹப்புக்குப் பொருந்தும். சேஸிஸ் பின்கள் மெதுவாக, பெரும் சுமையில் அசைபவை. அங்கே 220-க்கு மேல், 460 வரைகூட நல்லதே. மெல்லிய எண்ணெய் இருந்தால் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே படலம் நிற்காது.

## 5. சேஸிஸுக்கு எது

கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி), பட்டைப் பின், ஷாக்கிள், டை ராடு முனை, டிப்பர் கீல், ஸ்டீயரிங் இணைப்பு: இவையெல்லாம் முழுச் சுற்று சுற்றாமல் அசைபவை. கிரீஸ் அங்கே உராய்வைக் குறைப்பதோடு, தண்ணீர் புகாமல் அடைப்பாகவும் நிற்க வேண்டும். அதனால் ஒட்டும் தன்மை வேண்டும்.

மீன் வண்டிக்கும் உப்பு வண்டிக்கும் கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ், 2-ஆம் எண் என்பதே எங்கள் முதல் தேர்வு. விலை கூடுதல்தான். ஆனால் துருவைத் தடுக்கும் குணம் அதன் சோப்பிலேயே இருக்கிறது, வெளியிலிருந்து சேர்த்த மருந்து அல்ல. ஆகவே கழுவப்பட்டாலும் மிச்சம் இருப்பது காக்கும். அது கைக்கு எட்டாவிட்டால் நீர் அற்ற கால்சியம் கிரீஸ், அதுவும் இல்லையென்றால் ஒட்டும் மருந்து சேர்த்த லித்தியம் இபி 2.

மலிவாகக் கிடைக்கும் பழைய முறை மஞ்சள் சேஸிஸ் கிரீஸ், அதாவது நீர் கலந்த கால்சியம், தண்ணீரை நன்றாகத் தாங்கும். பட்டைப் பின்னுக்கு அடிக்கடி போடுவதென்றால் தப்பில்லை. அதே கன்னை எடுத்துக்கொண்டு ஹப் பக்கம் போவதுதான் ஆபத்து. 80, 90 டிகிரியில் அதன் நீர் பிரிந்து சோப்பு குலைந்துவிடும்.

கிராஃபைட் கிரீஸைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பட்டைக்குப் பூச பழக்கத்தில் பலர் அதைக் கேட்பார்கள். உப்புத்தண்ணீர் இருக்கும் இடத்தில் கிராஃபைட்டும் இரும்பும் சேர்ந்தால் மின்கலம் போல வேலை செய்து, இரும்பு அரிக்கப்படும். உள்நாட்டு வண்டிக்கு சரி, கடற்கரை வண்டிக்கு வேண்டாம். 3 முதல் 5 சதவீதம் மாலிப்டினம் டைசல்ஃபைடு உள்ள கிரீஸ் கிங் பின், டிரெய்லரை முன் வண்டியோடு இணைக்கும் ஃபிப்த் வீல் தட்டு போன்ற இடங்களுக்கு நல்லது. ஆனால் பிரேக் இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டருக்கு இந்த மாலி (மாலிப்டினம்) கிரீஸ் போடாதீர்கள். உள்ளே இருக்கும் கிளட்ச் பிடிப்பை நம்பி வேலை செய்கிறது, வழுக்கினால் பிரேக் தானாகச் சரிசெய்துகொள்ளாது.

## 6. ஹப்புக்கு எது

மலை இறங்கும் வண்டி என்றால் லித்தியம் காம்ப்ளெக்ஸ், 2 அல்லது 3-ஆம் எண், உப்புநீர் எம்கோர் 0 அல்லது 1. இதில் சமரசம் வேண்டாம்.

சமதரையில் ஓடும் ஜவுளி, மளிகை வண்டிக்கு மேனுவல் ஏபி 3 சொன்னால் அதுவே போதும், சீல் நன்றாக இருக்கும்வரை.

கரையோரத்திலேயே சுற்றும் மீன் வண்டியின் பின் ஹப்புக்கு கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ் போட்டால் சேஸிஸ், ஹப் இரண்டுக்கும் ஒரே வாளி ஆகிவிடும், கலப்புத் தொல்லையும் தீரும். லாரிச் சக்கர வேகத்துக்கு அது தாராளமாக ஈடுகொடுக்கும். மேனுவல் அனுமதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாலி, கிராஃபைட் இரண்டும் ஹப்பில் வேண்டாம். உருளை உருள வேண்டிய இடத்தில் வழுக்கத் தொடங்கும்.

சில வண்டிகளில் பின் ஹப் பேரிங்குக்கு கிரீஸ் கிடையாது, டிஃபரன்ஷியல் ஆயில்தான் போய் நனைக்கும். சில புதிய வண்டிகளில் ஹப் ஒரே மூடிய அமைப்பாக வரும், திறக்கவே கூடாது. கழற்றுமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

## 7. வாங்குமுன் தகட்டுச் சோதனை

விவரத்தாள் சொல்வதை உங்கள் கடல் தண்ணீரிலேயே சோதிக்கலாம். செலவு ஒன்றும் இல்லை. துருவில்லாத நான்கு இரும்புத் தகட்டை எமரித்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, காய வையுங்கள். மூன்றில் மூன்று கிரீஸை ஒரே தடிமனில் மெல்லியதாகப் பூசுங்கள். நான்காவதை வெறுமையாக விடுங்கள், ஒப்பிட அது வேண்டும்.

நான்கையும் கடல் தண்ணீரில் ஒரு மணி நேரம் முக்கி, நிழலில் தொங்கவிடுங்கள். தினமும் ஒருமுறை முக்கி ஒரு வாரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அடர்த்தியாகப் பூசினால் எல்லா கிரீஸும் தேறிவிடும்; மெல்லிய பூச்சில்தான் வித்தியாசம் தெரியும்.

மூடி முத்திரை உடையாத வாளியை மட்டும் வாங்குங்கள். பேட்ச் எண்ணும் தயாரித்த தேதியும் இருக்க வேண்டும். கவரில் நிறுத்துத் தரும் கிரீஸில் எந்த எண்ணையும் சரிபார்க்க முடியாது. வாளியின் மேல் கொஞ்சம் எண்ணெய் நின்றால் பயப்படாதீர்கள், கலக்கிவிட்டால் போதும். மூடி திறந்தே கிடந்த வாளியில் மணல் இருக்கும். அதை ஹப்புக்கு எடுக்கவே கூடாது.

## 8. சேஸிஸுக்கு கிரீஸ் அடிக்கும் வரிசை

வாட்டர் சர்வீஸ் முதலில், கிரீஸ் பிறகு. மாற்றிச் செய்தால் அழுத்தத் தண்ணீர் புது கிரீஸைத் தள்ளி உள்ளே போகும். சர்வீஸ் ஸ்டேஷனில் என்ன தண்ணீர் என்று கேளுங்கள். இந்தக் கரையில் பல போர்வெல்களில் உவர்நீர்தான் வரும். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியது போலத்தான். கடைசிச் சுற்றாவது நல்ல தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்து சொட்டு நின்றதும், அன்றைக்கே கிரீஸ் அடியுங்கள். மறுநாள் என்று தள்ளினால் பின்னுக்குள் தங்கிய தண்ணீர் இரவெல்லாம் வேலை பார்க்கும்.

ஒவ்வொரு நிப்பிளையும் அடிக்குமுன் துடையுங்கள். துடைக்காமல் அடித்தால் தலையில் இருக்கும் மணல்தான் முதலில் உள்ளே போகும். கிரீஸ் ஏறாத நிப்பிளை அடித்து நொறுக்காமல் கழற்றி மாற்றுங்கள்.

பட்டைப் பின், ஷாக்கிள்: சேஸிஸில் ஜாக் போட்டு பட்டையிலிருந்து சுமையை எடுங்கள். சுமை இருக்கும்போது பின்னின் ஒரு பக்கம் புஷ்ஷோடு ஒட்டி அழுந்தியிருக்கும். கிரீஸ் எளிதான பக்கமாக வெளியே வந்துவிடும், தேயும் பக்கம் காய்ந்தே இருக்கும்.

கிங் பின்: மேல், கீழ் இரண்டு நிப்பிளிலும் பழையது வெளியேறிப் புதியது தெரியும்வரை. ஏறவில்லை என்றால் அச்சைத் தூக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி மறுபடி அடியுங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ்: நான்கு கப்பின் சீலிலும் புது கிரீஸ் எட்டிப்பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த நான்காவதுதான் முதலில் போகும். ஷாஃப்டை அந்தக் கப்புக்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடித்து அடித்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஸ்லிப் ஜாயிண்டில் காற்றுத்துளை வழியாக கிரீஸ் வந்ததும், துளையை விரலால் மூடி, சீல் ஓரத்தில் வரும்வரை அடியுங்கள்.

பிரேக் கேம் ஷாஃப்ட்: இங்கே மட்டும் கை சிக்கனம் வேண்டும். ஸ்லாக் அட்ஜஸ்டர் பக்கம் கிரீஸ் தெரிந்ததும் நிறுத்துங்கள். டிரம் பக்கம் தள்ளினால் ஷூவில் பட்டு பிரேக் பிடிக்காது.

வெளியே வழிந்ததில் மெல்லிய வளையம் ஒன்றை மூட்டின் ஓரத்தில் விட்டு மீதியைத் துடையுங்கள். அந்த வளையம் தண்ணீருக்குத் தடுப்பு. கட்டிகட்டியாக விட்டால் மணல் பிடிக்கும்.

## 9. ஹப் பேரிங்: கழற்றி அடைத்துப் பூட்டுவது

சக்கரக் கட்டை வைத்து, ஆக்ஸில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹப்பைக் கழற்றுங்கள். வெளி பேரிங், உள் பேரிங், இடது, வலது என்று தனித்தனித் தட்டில். ஓடிப் பழகிய கோனையும் (உருளைகள் உள்ள உள்வளையம்) கப்பையும் (வெளிவளையம்) மாற்றிப் போடக் கூடாது. ஒன்று கெட்டிருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

பேரிங்கையும் ஹப்பின் உட்புறத்தையும் மண்ணெண்ணெயில் பழையது துளியும் இல்லாமல் கழுவிக் காய வையுங்கள். கம்ப்ரஸர் காற்றால் பேரிங்கைச் சுழற்றாதீர்கள், உருளைகள் தெறித்து ஆளைக் காயப்படுத்தும். கம்ப்ரஸர் டாங்க்கில் தங்கிய தண்ணீரும் அந்தக் காற்றோடு வரும்.

கப்பின் உள்வட்டத்தை விரல்நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் மாற்றுங்கள். உருளை இடைவெளியில் கோடுகோடாகக் கறை இருந்தால் நின்ற வண்டியில் ஈரம் தங்கியது. நீலம் பாரித்திருந்தால் சூடேறியது. துருக்குழி சின்னது என்று விட்டால் கிரீஸ் எதுவானாலும் அதைச் சரிசெய்யாது, குழியின் ஓரம் பெயர்ந்துகொண்டே போகும்.

கழுவிய பேரிங்கை வெறும் கையால் தொட்டு வைக்காதீர்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. கையுறை போடுங்கள், காய்ந்ததும் உடனே கிரீஸ் அடையுங்கள்.

அடைக்கும் முறை: உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி இழுங்கள். கிரீஸ் உருளைகளுக்கு நடுவே ஏறி எதிர்ப்பக்கம் வெளியே வர வேண்டும். சுற்றி வந்து முழுதும் முடியுங்கள். வெளியே மட்டும் பூசி மாட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு; பார்க்க நிறைந்திருக்கும், உள்ளே காலி.

ஹப்பின் நடு இடைவெளியில் மேனுவல் சொன்ன அளவு. அளவு இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. முழுதும் திணித்தால் கிரீஸ் கடைந்து சூடேறும், விரிந்து சீலைத் தள்ளி பிரேக் ஷூவுக்குப் போகும். இடைவெளியைக் காலியாக விடவும் கூடாது. கப்பின் விளிம்பு மட்டத்துக்கு ஒரு கரைபோல இருந்தால்தான் பேரிங்கில் உள்ள கிரீஸ் நழுவி ஓடாது, உட்சுவரும் துருப்பிடிக்காது.

சீல் கட்டாயம் புதிது. உதட்டில் கிரீஸ் தடவி, நேராக, சமமாக இறக்குங்கள். சீல் உட்காரும் அச்சு வளையத்தில் பள்ளமோ துருவோ இருந்தால் புதுச் சீலும் ஒரு மழைக்குத் தாங்காது. எமரியால் தேய்த்துச் சமாளிக்க முடியாத பள்ளம் என்றால் வளையத்தை மாற்றுங்கள்.

நட்டை முறுக்கும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே முறுக்குங்கள். சுற்றாமல் முறுக்கினால் உருளைகள் இருக்கையில் உட்காராது, பிறகு ஓடும்போது லூஸ் ஆகும். மேனுவல் சொன்ன முறுக்குக்கு ஏற்றி, தளர்த்தி, மறுபடி குறைந்த முறுக்குக்கு ஏற்றி, சொன்ன அளவு திருப்பித் தளர்த்துங்கள். டயல் கேஜில் முன்பின் ஆட்டம் 0.025 முதல் 0.125 மி.மீ. என்பது கனரக ஹப்புகளுக்குப் பரவலாக உள்ள எல்லை. கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று பூட்டினால் பெரும்பாலும் இறுக்கமாகத்தான் முடியும், இறுகிய பேரிங் எரியும். லாக் வாஷரை மடக்கிப் பூட்டி, ஹப் மூடியை கேஸ்கட்டோடு போடுங்கள்.

## 10. ஓட்டிப் பார்த்துச் சரிபார்ப்பது

15, 20 கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்துங்கள். தொடாமலே சூடு அளக்கும் வெப்பமானியை ஹப்பில் காட்டி, ஒரே அச்சின் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூடான பக்கத்தைத் திறந்து பாருங்கள்: நட்டு இறுக்கமா, கிரீஸ் கூடுதலா, பிரேக் ஷூ உரசுகிறதா. புதிதாக அடைத்த ஹப் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறித் தணியும், அது சரி. டிரம் உட்பக்கம் ஈரப்பளபளப்பு தெரிந்தால் சீல் சரியாக உட்காரவில்லை.

## 11. எத்தனை நாளுக்கு ஒருமுறை

மேனுவல் கிலோமீட்டரில் சொல்லும். உப்புத்தண்ணீர் சொட்டும் வண்டிக்குக் கிலோமீட்டரை நம்பாதீர்கள். மீன் வண்டியின் பின்பக்கப் பட்டைப் பின், ஷாக்கிள், கேம் ஷாஃப்ட் ஆகியவற்றுக்கு வாரம் ஒருமுறை, முன்பக்கத்துக்கு இரண்டு வாரம் ஒருமுறை என்பது நியாயமான தொடக்கம். அடிக்கும்போது வெளிவரும் பழையது வெளுத்திருந்தால் இடைவெளியைக் குறையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் வண்டி தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் அன்றைக்கே ஒரு சுற்று அடியுங்கள். ஹப் முங்கும் அளவு தண்ணீரில் நின்றிருந்தால் ஹப்பைத் திறந்துதான் ஆக வேண்டும். சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உட்காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும்.

ஹப்பை வருடம் ஒருமுறை திறக்க ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு மீனுக்கு ஓடும் வண்டிகள் தவிர மற்றவை பெரும்பாலும் நிற்கும். தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே செய்யுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் பட்டறையில் இடம் கிடைக்காது என்பது ஒரு பக்கம். உப்பு ஊறிய பழைய கிரீஸோடு பேரிங் இரண்டு மாதம் ஒரே இடத்தில் நிற்கும் என்பதுதான் பெரிய கேடு. கிரீஸ் மாற்றி நிறுத்திய வண்டியையும் பத்து நாளுக்கு ஒருமுறை சில கிலோமீட்டர் ஓட்டி வையுங்கள். உருளைகள் இடம் மாறும், புதுப் படலம் பரவும். ஓட்ட வழியில்லை என்றால் சக்கரம் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றுமளவுக்கு முன்னும் பின்னும் நகர்த்தினாலே போதும்.